முதல் விற்பனைக்குப் பின்

கிரேக்க எழுத்தின் மேல்
டேனிஷ் எழுத்தை ஒட்டுவது என் வேலை.
மணிக்கு நானூறு பெட்டி.
ஹோர்சென்ஸுக்கு வெளியே, பன்றி வெட்டும் ஆலைக்குப் பின்னால்
ஜன்னல் இல்லாத கூடம்.
காற்று திரும்பினால் மட்டும்
எங்கே இருக்கிறோம் என்று மூக்குக்குத் தெரியும்.

உள்ளே இருப்பது அதே மாத்திரை.
அதே ஆலை, அதே அச்சு, நடுவில் அதே கோடு.
தெற்கே விலை குறைவு, வடக்கே கூடுதல்.
அந்த இடைவெளியில்தான்
என் சம்பளம், விப்பெகேயின் சம்பளம்,
முதலாளி எய்னரின் பாய்மரப் படகு.
என் அண்ணன் ஓலுஃபின் ரத்த அழுத்தமும்
கொஞ்சம் மலிவாக இறங்குகிறது.

மாத்திரை செய்த கம்பெனிக்கு எங்களைக் கண்டால் ஆகாது.
வருடம் ஒரு கடிதம், எட்டுப் பக்கம்.
எங்கள் சரக்கு எந்த நாட்டில் விற்கலாம் என்பதை
நாங்களே சொல்வோம் என்று.
விற்ற மாட்டின் கயிற்றை
விடமாட்டேன் என்கிற கை.
எய்னர் ஒரே வரியில் பதில் சொல்வார்:
"வித்தாச்சு இல்ல? அப்புறம் என்ன?"

சட்டமும் ஏறக்குறைய அவர் பக்கம்தான்.
ஐரோப்பாவுக்குள் ஒருமுறை விற்றுவிட்டால்
செய்தவன் உரிமை தீர்ந்துபோகிறதாம்.
தீர்ந்துபோகிறது.
பால் தீர்வது போல, பொறுமை தீர்வது போல.
சட்டம் எழுதியவனுக்கும்
ஒருநாள் வீட்டில் காப்பித்தூள் தீர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் பெயர் தீர்வதில்லை.
பெயருக்கு நான் பங்கம் செய்யக் கூடாது.
போன மாதம் ஒரு வக்கீல் வந்தார், கையில் ஸ்கேல்.
அவர்கள் சின்னத்தின் நீல இறகை
என் லேபிள் எவ்வளவு தின்றிருக்கிறது என்று
குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, அளந்தார்.
"ஒன்றரை மில்லிமீட்டர்."
குரலில் துக்கம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வோலோஸிலிருந்து வந்த அட்டையில்
ஒரு பெட்டியின் ஓரத்தில் பேனா எழுத்து.
கிரேக்கம் நான் படித்ததில்லை.
மூன்று வருடம் மூடி மூடி
எழுத்துகள் பழகிவிட்டன.
ஸ்டாமதியா, என்று இருந்தது.
கீழே ஒரு சூரியன், பக்கத்தில் ஒன்று.
ஒரு பிறை நிலா, பக்கத்தில் அரை.

"சிவப்புத் தொட்டியில போடு," என்றாள் விப்பெகே,
கையை நிறுத்தாமல்.

யாரோ ஒரு மருந்துக்கடைக்காரர்
யாருக்கோ எடுத்து வைத்தது.
மாதக் கடைசியில் வேன் வந்திருக்கும்,
நல்ல விலை சொல்லியிருக்கும்.
ஒரு நாட்டுக்கு இவ்வளவு என்று கம்பெனி அளந்து அனுப்ப,
அளந்ததில் ஒரு பங்கு எங்கள் மேசையில்.
கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது:
அங்குள்ள நோயாளிகளுக்குத் தட்டுப்பாடு.
கம்பெனியின் கண்ணீரைப் பார் என்று
சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்துச் சிரித்தோம்.
கம்பெனியின் கண்ணீர்தான், இப்போதும் சந்தேகமில்லை.
ஆனால் வரி பொய்யில்லை.

அந்த மணிக்கு என் கணக்கு
முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
எண்ணியதில் பிழை, என்றேன் எய்னரிடம்.

மறுநாள் தபால் ஜன்னலில்
போடில் படிவத்தை நீட்டினாள்.
உள்ளே என்ன?
மாத்திரை.
அனுப்ப உரிமம் இருக்கா?
வாரம் ஒரு லாரி
இந்த ஊருக்குள் மாத்திரை கொண்டுவருகிறது.
ஒரே ஒரு பெட்டி திரும்பிப் போக
உரிமம் இல்லை என்னிடம்.
முகவரியும் இல்லை, யோசித்தால்.
ஸ்டாமதியா, வோலோஸ்.
போடில் சிரிக்கவில்லை; அதற்காக நன்றி.

என் சமையலறை அலமாரியில் இருக்கிறது,
உப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே.
விற்க முடியாது, விழுங்க முடியாது,
தொட்டியில் போட மட்டும் முடியும்.
செய்தவன் உரிமை தீர்ந்தது.
வாங்கியவன் உரிமை தீர்ந்தது.
மூன்றாவது ஒன்று இருக்கிறதா,
தொடங்கியதா, அதையாவது யாராவது விற்றார்களா,
தெரியவில்லை.

பெட்டியின் அடியில் காலாவதித் தேதி.
அது மட்டும் எல்லா ஊருக்கும் ஒரே எழுத்து.
அதன் மேல் நான் ஒருநாளும்
லேபிள் ஒட்டியதில்லை.